எங்களால் நிறுத்த முடியவில்லை, நீங்கள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கைத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். என் மகன் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை நான்கு முறை எழுதினான். பதினேழு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தான். இதைப் பெருமையாகவும் சொல்ல முடியவில்லை, வெறும் புகாராகவும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கடன் அட்டையை எடுத்து நீட்டியவள் நான்தான்.

முதல் முறை ஆங்கிலத்தில் 680, கணிதத்தில் 630, மொத்தம் 1310. இரண்டாம் முறை ஆங்கிலம் 640க்குச் சறுக்கியது, கணிதம் 700க்கு ஏறியது. மூன்றாம் முறை 690, 680. உங்களில் பலர் ‘சூப்பர்ஸ்கோர்’ என்று, எந்தத் தேதியில் வாங்கியிருந்தாலும் ஒவ்வொரு பகுதியின் உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக் கூட்டிக்கொள்கிறீர்கள். அந்தக் கணக்கில் அவனிடம் 1390 இருந்தது. “இன்னும் பத்து வந்தால் 1400 ஆகிவிடும், அம்மா” என்றான். நானும் மறுபேச்சுப் பேசாமல் நான்காம் முறைக்கு 68 டாலர் கட்டினேன்.

பக்கத்து மையங்களில் இடம் இல்லை. இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பள்ளிதான் கிடைத்தது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். மடிக்கணினியின் சார்ஜரைக் கையிலேயே சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தான். பைக்குள் வைக்கச் சொன்னால் மறந்துவிடுவேன் என்றான். அவன் உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருபுறமும் அதேபோல் பெற்றோர்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடி. ஒருவரையொருவர் பார்த்து ஒரு புன்னகைகூட இல்லை. அன்றைக்கு வந்தது 670, 740. சூப்பர்ஸ்கோர் 1430. எந்த நாளிலும் ஒரே அமர்வில் அவன் 1430 வாங்கியதில்லை. உங்கள் மேசைக்கு வந்த விண்ணப்பத்தில் இருந்தது மட்டும் அந்த எண்.

அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன். அவனுக்கும் முதல் முறை 1310தான். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிறவன், மறுபடி எழுதவில்லை. உங்கள் பார்வையில் இந்த இரண்டு பையன்களுக்கும் இடையே 120 மதிப்பெண் வித்தியாசம். என் பார்வையில் மூன்று சனிக்கிழமைகள் வித்தியாசம்.

மறுமுறை எழுதுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2018ல் பொருளியல் ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறாகவே சொல்கிறது. தேர்வு எழுதுவோரில் பாதிப் பேர்தான் மறுபடி எழுதுகிறார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் அந்தப் பங்கு இன்னும் குறைவு. மறுபடி எழுதியவர்கள் நான்காண்டுக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு கூடுகிறது, அதுவும் ஏழைப் பிள்ளைகளுக்கே அதிகமாகக் கூடுகிறது. அந்த ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்ட நுனி சுவையானது: நூறின் மடங்குக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள், அதைத் தொட்டுவிட்டவர்களைவிடக் கணிசமாக அதிக அளவில் மறுபடி எழுதப் போகிறார்கள். என் மகனின் 1390 நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பைத்தியம் என்று நினைத்தது நாடெங்கும் உள்ள பைத்தியமாம்.

ஆகவே நான் கேட்பது தடை அன்று, ஓர் எண். எத்தனை முறை எழுதினாலும் முதல் இரண்டு அமர்வுகளைத்தான் பார்ப்போம் என்று ஒரு கல்லூரி அறிவித்தால் போதும். ஒருமுறையோடு நின்றுவிடும் பிள்ளைக்கு இரண்டாம் முறையும் எழுது என்று சொன்னதாகும்; நான்காம் முறைக்குக் கிளம்பும் என் போன்றவர்களை வீட்டில் உட்கார வைத்ததாகவும் ஆகும். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் அனுப்பச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. வேண்டியதை மட்டும் அனுப்பும் வசதியை, எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு 2009ல் கொண்டுவந்த பிறகும் அது தன் விதியை விட்டுவிடவில்லை. மறுகோடியில், கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2021லிருந்து மதிப்பெண்ணையே பார்ப்பதில்லை. மதிப்பெண்ணை எப்படிப் பார்ப்பது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

விண்ணப்பங்களின் கதை இதைவிட மோசம். முதலில் ஆறு கல்லூரிகள் எழுதிய ஒரு தாள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அக்டோபரில் அது ஒன்பதானது. நவம்பரில் நண்பன் ஒருவன் பதினான்குக்குப் போடுகிறான் என்று கேள்விப்பட்டதும் பன்னிரண்டு. இதற்கிடையே ஒரு கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல்: உனக்காகவே விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருக்கிறோம், கட்டணம் இல்லை, கட்டுரை இல்லை, பெயரைச் சரிபார்த்து அனுப்பினால் போதும் என்று. அனுப்பினான். மார்ச்சில் அதே கல்லூரி, இந்த ஆண்டு வரலாறு காணாத எண்ணிக்கையில் விண்ணப்பங்கள் வந்ததால் வருத்தத்துடன் இடம் மறுப்பதாக எழுதியது. வரலாறு காணாத எண்ணிக்கையில் எங்கள் பங்கு ஒன்று, அவர்களே கேட்டு வாங்கியது.

டிசம்பர் 31 இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒன்பதாவது கல்லூரிக்கான ‘ஏன் இந்தக் கல்லூரி’ கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்தேன். வளாகத்து ஏரிக்கரையில் உட்கார்ந்து படிக்க ஆசைப்படுவதாக உருகி எழுதியிருந்தான். அந்தக் கல்லூரியில் ஏரியே கிடையாது. ஏரி எட்டாவது கல்லூரியுடையது. ஏரியை எடுத்துவிட்டு நூலகத்தைப் போட்டோம். வாக்கியம் அப்படியே பொருந்தியது. இப்படி எழுதப்படும் கட்டுரையில் ஒரு பிள்ளையின் உண்மையான ஆர்வத்தை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாத கலை.

பதினேழில் நான்கு இடம் தந்தன, மூன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்தன, பத்து மறுத்தன. அவன் சேர்ந்தது, கூடுதல் கட்டுரை கேட்கவில்லை என்பதற்காகப் பத்து நிமிடத்தில் நாங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்ட கல்லூரியில். அங்கே மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறான். என் வாதத்துக்கு எதிர்சாட்சி என் மகனே என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஏப்ரல் முழுவதும், மே 1 வரை, வேறு மூன்று கல்லூரிகளின் இடங்களையும் நாங்கள் விடாமல் வைத்திருந்தோம். அவற்றில் ஒன்றுக்கு மறுப்புச் சொல்லவே மறந்துபோனோம். காத்திருப்போர் பட்டியலில் நின்ற எந்த வீட்டார் எங்கள் சோம்பலுக்காகக் காத்திருந்தார்களோ தெரியாது.

ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் 1975ல் 15 கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. ஒரு கணக்கில் 20 கல்லூரிகள் வரை சேர்த்துக்கொள்ளலாம். அதாவது எல்லை ஏற்கெனவே இருக்கிறது, யாரையும் தடுக்காத உயரத்தில். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் பொது அமைப்பான யூகாஸ் வழியாக ஒருவர் ஐந்து இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுதான். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்று எனக்கும் தெரியும். இங்கே ஒரு கல்லூரி எவ்வளவு நிதியுதவி தரும் என்பது அனுமதிக் கடிதத்தோடுதான் உறுதியாகிறது; கையில் பணம் இல்லாத குடும்பம் நாலைந்து கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும். ஐந்து என்று வைத்தால் முதலில் நசுங்குவது அவர்கள்தான். பத்து என்று வையுங்கள். உதவி தேவைப்படுவோருக்குப் பன்னிரண்டு என்றாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

கல்லூரிகள் கூடிப் பேசி எல்லை வகுத்தால் போட்டிச் சட்டம் குறுக்கே வரும் என்பீர்கள். நியாயம். 2019ல் மத்திய அரசின் நீதித் துறை நடத்திய விசாரணையை அடுத்து, சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் தன் நெறிமுறைகளில் சிலவற்றை நீக்கிக்கொண்டதை நாங்களும் படித்தோம். ஆனால் தேவையற்ற மின்னஞ்சலை நிறுத்த யாரோடும் கூடிப் பேச வேண்டியதில்லை. எத்தனை பேரை மறுத்தோம் என்பதைச் செய்திக்குறிப்பாக வெளியிடாமல் இருக்கவும் யார் அனுமதியும் வேண்டாம். விண்ணப்பித்தவர்களில் இடம் பெறுவோரின் விகிதத்தை, கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் தன் கணக்கிலிருந்து 2018லேயே நீக்கிவிட்டது. பிறகும் எதற்காக இந்தக் கூட்டம் சேர்ப்பது?

இதையெல்லாம் நாங்களே நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முயன்று பார்த்தோம். பன்னிரண்டோடு நிறுத்துவோம் என்று முடிவு செய்த இரவில்தான் பதின்மூன்றாவதைச் சேர்த்தோம். மற்றவர்கள் ஓடும்போது நம் பிள்ளையை மட்டும் நில் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அந்தத் துணிச்சல் உள்ள பெற்றோரை இதுவரை நான் பார்த்ததும் இல்லை.

என் மகள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வருகிற மார்ச்சில் முதல்முறை எழுதப் போகிறாள். இன்னும் ஒரு கேள்விக்குக்கூட விடையளிக்காத பெண், ஆகஸ்டு தேர்வுக்கும் சேர்த்து இப்போதே பதிவு செய்துவிடலாமா, பக்கத்து மையம் நிரம்பிவிடுமே என்று நேற்றுக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதிவுப் பக்கத்தை அவள் மூடவில்லை. என் கணினியில் திறந்தே இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்