மதராஸிலிருந்து வந்தவருக்கு ஒரு பலகை: சேலம் மேயருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பாஸ்டன் வட்டாரத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்

பெறுநர்:
மேயர் அவர்கள், சேலம் மாநகரம், மாசசூசெட்ஸ், அமெரிக்கா

பொருள்: 1790-இல் மதராஸிலிருந்து சேலம் வந்த மனிதருக்கு டெர்பி தெருவில் வரலாற்றுப் பலகை வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு வணக்கம்.

தங்களுக்கு ஆங்கிலத்தில் அளிக்கும் மனுவின் தமிழ் வடிவம் இது. கையெழுத்திடும் எங்கள் பெற்றோரில் பலருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடட்டும் என்றே இரண்டையும் சேர்த்துத் தருகிறோம்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களைச் சேலத்துக்குக் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். பெயரைக் கேட்டதுமே மாம்பழச் சேலம் நினைவுக்கு வந்து ஆசையாகப் புறப்படுவார்கள். முதலில் அழைத்துப் போவது, சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1992-இல் அமைத்த நினைவிடத்துக்குத்தான். 1692-இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்ட 20 பேருக்கும் அங்கே ஆளுக்கொரு கருங்கல் இருக்கை. ஒவ்வொன்றிலும் பெயர், இறந்த விதம், நாள். வாசலில் கால் வைக்கும் கற்களில், தாங்கள் நிரபராதிகள் என்று அவர்கள் சொன்ன சொற்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வாக்கியங்கள் பாதியிலேயே சுவருக்கு அடியில் போய் மறைந்துவிடும். குனிந்து படிக்கிறவர்கள் சுவர் வரைக்கும் போய் அப்படியே நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். இப்படி நினைவுகூரத் தெரிந்த ஊர் என்பதால்தான் இந்த மனுவைத் துணிந்து எழுதுகிறோம்.

அப்புறம் டெர்பி துறைமுக மேடைக்குப் போவோம். கடலுக்குள் ஏறக்குறைய அரை மைல் நீளும் அந்த மேடையின் முனையில் சின்னக் கலங்கரை விளக்கம். மிளகும் தேயிலையும் துணியும் வந்து இறங்கிய கதையெல்லாம் அங்கே சொல்லப்படுகிறது. சரக்கோடு வந்த மனிதர்களைப் பற்றித்தான் எங்கள் மனக்குறை.

1790 டிசம்பரில், சேலம் கிழக்குத் தேவாலயத்தின் போதகர் வில்லியம் பென்ட்லி தம் நாட்குறிப்பில் ஒரு செய்தியை எழுதினார். மதராஸைச் சேர்ந்த இந்தியர் ஒருவரை முதன்முறையாகப் பார்க்கும் மகிழ்ச்சி தமக்குக் கிடைத்ததாம். மிகக் கறுத்த நிறம், நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம், உயரமான, அளவான உடற்கட்டு. கேப்டன் கிபோ என்பவருடன் வந்தவர், ஏற்கெனவே ஐரோப்பாவுக்கும் போய்வந்தவர். அவருடைய திறமையை அறியத் தமக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பெயரை எழுதவில்லை.

அந்த ஆண்டு எடுத்த அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கில் சேலத்தில் 7,921 பேர். அத்தனை பேருக்கு நடுவே, டிசம்பர் குளிரில், மதராஸ் வெயிலில் வளர்ந்த ஒருவர் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டதும் முதலில் கேட்டது, "போர்த்திக்க ஏதாவது குடுத்தாங்களா?" என்பதைத்தான்.

பலகையில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாட்குறிப்பில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. "அமெரிக்காவின் முதல் இந்தியர்" என்றோ "முதல் தமிழர்" என்றோ எழுதிவிட எங்களில் சிலருக்கே ஆசை இருந்தது. பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மதராஸில் அன்று தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசியவர்கள் இருந்தார்கள். அவர் பேசியது எது என்று பென்ட்லி குறிப்பிடவில்லை. ஆண்டு, ஊர், கப்பல் தலைவர் பெயர், அவரைப் பற்றி பென்ட்லி எழுதிய வரிகள், இவை போதும். 'மதராஸ்' என்ற ஊர்ப்பெயரை மட்டும் தமிழ் எழுத்திலும் பொறிக்க அனுமதி வேண்டுகிறோம்.

மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் 300-ஆம் ஆண்டையொட்டி மாநிலம் 1930-இல் நட்ட வார்ப்பிரும்புப் பலகைகளைப் போல ஒன்று இருந்தாலே போதும். சிலை, மண்டபம் எதுவும் கேட்கவில்லை. துறைமுக மேடை தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருப்பதால், டெர்பி தெருவில் நகருக்குச் சொந்தமான நடைபாதையோரம் ஓர் இடம் ஒதுக்கித் தரவும், இம்மனுவை நகர வரலாற்று ஆணையத்தின் பரிசீலனைக்கு அனுப்பவும், அங்கு எங்களில் இருவர் நேரில் விளக்கமளிக்க நேரம் தரவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பலகை வார்க்கவும் நடவும் ஆகும் செலவை நாங்களே ஏற்கிறோம். நாட்குறிப்பின் அச்சுப் பதிப்பிலிருந்து அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பத்தினர்