வாழ்க்கைக் கதைகளுக்கு ஓர் இறாக்கை: வடமாகாணப் பொது நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நூலகர்களுக்கும், மாநகரசபை, நகரசபை, பிரதேச சபை நூலகங்களின் நூற்றெரிவுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

33 ஆண்டுகள் தமிழ் படிப்பித்து இளைப்பாறிய ஆசிரியை நான். கடந்த ஒக்டோபரில், தேசிய வாசிப்பு மாதத்தை ஒட்டி ஒரு நூலகத்தில் நடந்த கண்காட்சிக்குப் போயிருந்தேன். ‘பெரியோர் வரலாறு’ என்று எழுதி ஒட்டிய மேசையில் எடிசன், லிங்கன், நெப்போலியன் முதலியோரைப் பற்றிய மெல்லிய சிறுவர் நூல்கள் சிலவே இருந்தன. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எங்கட ஊர் ஆக்கள் ஒருத்தரும் தங்கட கதையை எழுதேல்லையோ, ரீச்சர்?” என்று என்னைக் கேட்டாள். எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டபோது, அதே கட்டடத்திற்குள் எந்த இறாக்கையைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருந்த பதிலைத்தான் இந்த மடலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவளுக்கு வேண்டிய நூல்களுட் சில அங்கே இருக்கவே செய்தன என்பதைப் பின்னர் தேடி அறிந்தேன். நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி பகுப்பு முறையில் வாழ்க்கை வரலாற்றுக்கு 920 என்ற எண் உண்டு என்பதும், ஒருவருடைய வரலாற்றை அவருடைய துறையோடு சேர்த்து வைக்கும் வழக்கமும் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. அதனால் மருத்துவரின் கதை மருத்துவத்திலும், எழுத்தாளரின் கதை இலக்கியத்திலும், போராளியின் கதை அரசியலிலும் போய் ஒதுங்கிவிடுகின்றன. ஆய்வாளருக்கு அது வசதியாக இருக்கலாம். ஒரு மனிதருடைய வாழ்க்கையை வாசிக்க வேண்டும் என்ற ஆசையோடு மட்டும் வருகிற பிள்ளைக்கு அது கதவடைப்பாகிவிடுகிறது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று 1931 இல் விதி வகுத்த இந்திய நூலகவியல் அறிஞர் இரங்கநாதன், நம்முடைய யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவானபோது ஆலோசனை வழங்கியவர் அல்லவா? வாழ்க்கைக் கதைகளுக்கென்று ஒரு தனி இறாக்கையும், எதை ஏன் வாசிக்கலாம் என்று இரண்டு வரி சொல்லும் ஒரு பரிந்துரைப் பட்டியலும் ஒவ்வொரு நூலகத்திலும் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வெளிநாட்டாரின் கதைகளை அகற்றிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யை எந்தப் பட்டியலிலிருந்தும் நீக்க முடியாது. ஆனால் அவர் 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார் என்பதையும், அந்த வேளையில் அந்தத் தன்வரலாறு வாரந்தோறும் பத்திரிகையில் வெளிவந்துகொண்டிருந்தது என்பதையும் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தால், அதைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அந்த நூல் தூரத்துப் பொருளாகத் தோன்றாது.

பட்டியலின் தலையில் நான் வைக்க விரும்புவது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942 இல் ஐயர் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றுபோன நூல் அது. குருவின் வீட்டுத் திண்ணையில் ஒரு மாணவன் பாடம் கேட்ட விதத்தை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் வேறொரு தமிழ் நூலை நான் வாசித்ததில்லை. நம்மவர்களுக்கு அதில் இன்னொரு ஈர்ப்பும் இருக்கிறது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அதில் உயிரோடு நடமாடுகிறார். சீவகசிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்ற கேள்வி இரு பெரும் பதிப்பாசிரியர்களுக்கும் இடையில் எழுப்பிய சங்கடத்தை ஐயர் ஒளிக்காமல் எழுதுகிறார். தாமோதரம்பிள்ளை தன்வரலாறு எழுதவில்லை. ஆயினும், ஏட்டுக் கட்டை அவிழ்க்கும்போது இதழ் முறிவதையும், புரட்டும்போது அது துண்டு துண்டாய்ப் பறப்பதையும் கலித்தொகைப் பதிப்புரையில் அவர் விவரிக்கும் இடம், என் கணக்கில் ஒரு வாழ்க்கை வரலாற்றுப் பக்கமேதான். ஐயரின் நூலுக்குப் பக்கத்திலேயே அந்தப் பதிப்புரைகளையும் வையுங்கள்.

அடுத்து, திரு. வி. கலியாணசுந்தரனாரின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’. சென்னை அரசியலையும் தொழிற்சங்கத்தையும் அறிவதற்காக அதைப் படிப்போர் பலர். நம் வடமராட்சிப் பிள்ளைகள் அதை வேறொரு காரணத்துக்காகப் படிக்கலாம். திரு. வி. க.வுக்குப் பள்ளியிலே தமிழ்ப் பற்றை ஊட்டியவர் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை. வள்ளலாரின் பாடல்களை அருட்பா எனலாமா என்ற சர்ச்சையில் எழுந்த அருட்பா வழக்கில் ஆசிரியர் பொருட்டு நீதிமன்றம் சென்றமையால் மாணவர் தம் தேர்வையே எழுத முடியாமற் போனது. ஆசிரியர் இளவயதிலேயே மறைந்த பின், 1908 இல் அந்த மாணவர் அவருடைய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். திரு. வி. க.வின் எழுத்து வாழ்க்கையின் தொடக்கத்தில் நிற்பது ஒரு புலோலி ஆசிரியரின் வரலாறு என்பதை, புலோலியிலே படிப்பித்த காலத்தில் என் மாணவர்களுக்கு நான் சொல்லத் தவறிவிட்டேன். அது இன்றும் என் மனதைக் குடைகிறது.

நல்லூர் ஆறுமுக நாவலருக்கு இரண்டு பழைய சரித்திரங்கள் இருக்கின்றன. அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குள், 1882 இல், கனகரத்தின உபாத்தியாயர் எழுதியது ஒன்று. நாவலரின் சகோதரர் மகனான த. கைலாசபிள்ளை பின்னர் எழுதியது மற்றொன்று. இரண்டையும் சேர்த்து வாசித்தால், ஒரே மனிதரை வெவ்வேறு கண்கள் எப்படிப் பார்க்கின்றன என்பது விளங்கும். அவற்றோடு, நாவலர் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிற் பிறந்து, 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியரின் வரலாற்றையும் வைக்க வேண்டும். அவருடைய கடிதங்களைத் தொகுத்த நூல் 1891 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கவிஞர் அம்பி அவரைப் பற்றி எழுதியவையும் உண்டு. ஒருவர் சைவத்துக்காகவும் மற்றவர் கிறிஸ்தவத்துக்காகவும் வாழ்ந்தவர்கள். ஒரே மண்ணில், ஒரே காலத்தில், தமிழ் உரைநடையை இரு வேறு தேவைகளுக்காக வளைத்து எடுத்தவர்கள். இந்த நூல்களை அடுத்தடுத்து வைக்கும் துணிவு நூலகத்துக்கு இருக்க வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்கும் உயர்தர மாணவருக்கு லெனாட் வூல்ஃபின் ‘குரோவிங்’ நூலை நான் தயங்காமற் கொடுப்பேன். 1905 இன் தொடக்கத்தில் வால்டேயரின் 90 தொகுதிகளோடும் ஒரு நாயோடும் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரச செயலகத்துக்கு, பிரித்தானிய நிருவாக அதிகாரியாக வந்து சேர்ந்த இளைஞர், 1961 இல் முதியவராகத் திரும்பிப் பார்த்து எழுதியது அது. முத்துக்குளிப்புக் காலத்து மரிச்சுக்கட்டியை அதில் காணலாம். நகரத் தெருவில் குதிரைமேல் வந்தபோது தம் சவுக்கால் ஒரு வழக்கறிஞரின் முகத்தில் அடித்தார் என்று தம்மீது எழுந்த முறைப்பாட்டையும் அவர் எழுதுகிறார். அப்படி அடிக்கவில்லை என்று மறுக்கிறார். ஆயினும், குதிரைமேல் இருந்த தம் தோற்றமே இந்த ஊராருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறார். தன்னை நியாயப்படுத்துவதோடு நின்றுவிடாமல் தன்னையே விசாரிக்கும் அந்த இடத்துக்காகவே அந்த நூல் நம் இறாக்கையில் இருக்க வேண்டும்.

பாரதியாரைப் பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. மனைவி செல்லம்மாவின் வாய்மொழியாக வந்ததும், நண்பர் வ. ரா. எழுதியதும், புதுச்சேரியில் சிறுமியாக அவரோடு பழகிய யதுகிரி அம்மாள் எழுதியதும் ஆகிய மூன்றும் போதும்.

நம் நகரத்துக்குத் திரும்புகிறேன். டொமினிக் ஜீவாவின் ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ ஒவ்வொரு நூலகத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக இருக்க வேண்டிய நூல். முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டே எழுத்தாளராகி, 1966 இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கி, இதழ்களைத் தாமே கையில் சுமந்து விற்ற மனிதரின் கதை அது. சாதியின் பெயரால் இந்த ஊர் ஒரு சிறுவனை எப்படி நடத்தியது என்பதை அதில் வாசிக்கும்போது நமக்குக் கூச்சம் வரும், வரத்தான் வேண்டும். அதற்கு எதிரே எஸ். பொன்னுத்துரையின் ‘வரலாற்றில் வாழ்தல்’ இரண்டு தொகுதிகளையும் வையுங்கள். ஒரே தலைமுறையில், ஒரே முற்போக்கு முகாமில் தொடங்கி, பின்னர் முகம் திருப்பிக்கொண்டவர்கள் இருவரும். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும் இடங்களிலே வாசகர் தம் சொந்தப் புத்தியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வார்.

இனிச் சொல்லப்போவதைச் சில நூலகர்கள் விரும்பமாட்டார்கள் என்பதை அறிவேன். சி. புஷ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’, கணேசன் ஐயரின் ‘ஈழப் போராட்டத்தில் எனது பதிவுகள்’, செழியனின் ‘ஒரு மனிதனின் நாட்குறிப்பிலிருந்து’, தமிழினி மறைந்த பின் 2016 இல் வெளிவந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ ஆகியவற்றை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவன அல்ல. தமிழினியின் நூலைச் சுற்றிக் கடும் வாதங்களும் எழுந்தன. ஒன்றை வாங்கி மற்றொன்றை விலக்கும் நூலகம், வாசகருக்குப் பதிலாகத் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறது. எல்லாவற்றையும் வாங்கி அடுத்தடுத்து வைத்து, யார் எந்த இயக்கத்தில், எந்தக் காலத்தில் இருந்து எழுதினார் என்ற குறிப்பை மட்டும் பட்டியலிற் போடுங்கள். அந்தக் காலத்தைக் காணாமற் பிறந்த பிள்ளைகள், வீட்டிலே பெரியவர்கள் பேசாமல் விட்டவற்றை எங்கேயாவது தேடத்தான் செய்வார்கள். நூலகத்தில் தேடட்டும்.

இந்தப் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? எனக்கும் அந்த எண்ணிக்கை வேதனையாகவே இருக்கிறது. எங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் தம் கதையைத் தாமே எழுதவில்லை. எழுதும்படி அவர்களை எவரும் கேட்கவும் இல்லை. அவர்களைப் பற்றி அச்சிலே இருப்பதைத் தேடப் போனால், பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கிலே கொடுக்கப்படும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். கல்வெட்டு என்றும் அதைச் சொல்வோம். முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கையில் தரப்பட்டு, வீட்டுக்கு வந்ததும் சாமியறை மூலையிலோ றங்குப்பெட்டியிலோ போடப்படும் அந்தச் சிறு நூலை எந்த நூலகமும் வாழ்க்கை வரலாறாகக் கணிப்பதில்லை. என் அப்புவின் கல்வெட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. முகப்பில் நீள்வட்டச் சட்டத்துக்குள் கோட்டு அணிந்த படம். உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், பின்னர் மடித்து ஒட்டப்பட்ட வம்சாவளித் தாள். அவருடைய வாழ்க்கைக்கு ஒன்றரைப் பக்கம். அதிலே ஒரு வரி: “மலாயா நாட்டில் புகையிரதப் பகுதியிற் கடமையாற்றி இளைப்பாறினார்.” 27 ஆண்டுகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. யப்பானியர் அந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்திலும் அவர் அங்கேதான் இருந்தார். அப்பாச்சியின் கல்வெட்டிலோ வாழ்க்கை அரைப் பக்கம்தான். விருந்தோம்பலிற் சிறந்தவர் என்று முடிகிறது. ஆயினும், அந்த அரைப் பக்கத்தில் அவர் பிறந்த ஊர், படித்த பாடசாலை, குழந்தையிலே இறந்த இரு பிள்ளைகளின் பெயர் எல்லாம் இருக்கின்றன. வேறெந்த அச்சுத் தாளிலும் அவை இல்லை.

பாவலர் சரித்திர தீபகத்தை 1886 இல் மானிப்பாயில் அச்சிட்டு வெளியிட்ட அ. சதாசிவம்பிள்ளையைப் போன்றவர்கள், இப்படிச் சிதறிக் கிடந்த சிறு செய்திகளைத் தேடிப் பொறுக்கித்தான் புலவர் வரலாற்றைக் கட்டினார்கள். 1981 இல் நம் நூலகம் எரிந்தபோது போன ஏறத்தாழ 97,000 நூல்களிற் பெரியவை பலவற்றுக்கு வேறிடத்திற் பிரதி கிடைத்தது. ஊரிலே அச்சான சிறு வெளியீடுகளுக்குப் பல வேளைகளில் அதுவும் கிடைக்கவில்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் நம் வெளியீடுகளை மின்வடிவிற் சேர்த்து வரும்போது நினைவு மலர்களையும் சேர்த்துக்கொள்வது பெரிய ஆறுதல். ஆனால் ஊர்ப் பிள்ளை நடந்துபோய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்திலும் அவை இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்துக்கு இப்படியான மலர்கள் ஒரு கட்டு கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, பின் விறாந்தையில் பழைய பத்திரிகைகளோடு சாக்கில் கிடந்தன. கேட்டபோது, இவை புத்தகக் கணக்கில் வரா என்று பதில் கிடைத்தது. யாரையும் குறை கூற நான் இதை எழுதவில்லை. அவற்றுக்கு ஒரு பதிவேட்டு வழி இல்லை என்பதே காரணம். அந்த வழியை உண்டாக்குங்கள். ஊர்வாரியாகப் பிரித்து, பத்துப் பத்தாகக் கட்டி, முன்னாலே பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒட்டினாற் போதும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை.

சனசமூக நிலைய வாசிகசாலைகளும் இதிற் சேரலாம். சாவீட்டார் வீட்டில் மிஞ்சும் பிரதிகளில் இரண்டை நிலையத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் தொடக்கி வைத்தால், ஐந்தாறு ஆண்டுகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொகுதி சேர்ந்துவிடும். அத்தோடு, அடுத்த மலரை எழுதுவோர் அந்த ஒன்றரைப் பக்கத்தை நான்கு பக்கமாக்கி, இறந்தவர் என்ன வேலை செய்தார், எதற்குப் பயந்தார், எந்த ஆண்டு எங்கே இடம்பெயர்ந்தார் என்றும் எழுதினால் அது எவ்வளவு பெரிய கொடை!

வரும் ஒக்டோபருக்கு முன் இறாக்கையும் பட்டியலும் ஒரு நூலகத்திலேனும் அமையுமானால், பட்டியலுக்குரிய குறிப்புகளை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னிடம் உள்ள 43 நினைவு மலர்களையும் ஊர்வாரியாகப் பிரித்து நூலாற் கட்டி வைத்திருக்கிறேன். பதிவேட்டில் ஏற்றி வாசகர் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதாக எந்த நூலகராவது சொன்னால், அப்புவினதையும் அப்பாச்சியினதையும் சேர்த்து அந்தக் கிழமையே கொண்டுவந்து தருவேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய தமிழாசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.