கடைசி வாங்கும் தலைப் பேனும்

கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், ஆரம்பப் பிரிவு ரீச்சர்மாருக்கும் வணக்கம்.

சித்திரை விடுமுறை முடிந்து மூன்றாம் கிழமை. தரம் 4இல் படிக்கும் என் மகளின் டயறியில் சிவப்பு மையில் ஒரு வரி: "தலையில் பேன் உள்ளது. சுத்தமாக்கியபின் அனுப்பவும்." மிச்சத்தை அவள் வாயால் சொன்னாள். "என்னைக் கடைசி வாங்கில தனிய இருத்தினவ அம்மா. பேன் பாயுமாம்."

பாடசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. நான் படித்த காலத்திலும் இதேதான் நடந்தது. உங்களில் பலரின் வகுப்பறையில் இப்போதும் நடக்கிறது என்று ஸ்கூல் வானில் வரும் மற்றப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

பேன் பாயாது ரீச்சர். பாய்வதற்கான கால் அதற்கு இல்லை, சிறகும் இல்லை. இருப்பது ஆறு குட்டைக் கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி மாதிரி ஒரு நகம். அன்றிரவு மகளின் தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, தோளில் வெள்ளைத் துவாயைப் போட்டு, பல்கனி லைற்றின் கீழ் இருத்தி இழுத்தேன். பேன் சீப்பை டிஷ்யூவில் துடைக்கத் துடைக்க எள்ளுப் போல வந்தன. ஒன்றை மட்டும் கழுவித் துடைத்து ஒரு பீங்கானில் விட்டேன். காலை உதறியது, வழுக்கியது, இருந்த இடத்திலேயே தள்ளாடியது. மகளின் முடி ஒன்றை அதன்மேல் கிடத்தினேன். பிடித்தது, விறுவிறுவென்று ஏறியது. முடியில் அது நிமிடத்துக்கு 23 சென்ரிமீற்றர் வரை நடக்கக்கூடியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அப்ப அது பாயேல்லைத்தானே?"

முடியோடு முடி தொட்டால்தான் அது ஆள் மாறும். வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு தலைகள் எங்கே தொடுகின்றன? தொடுகிற இடங்கள் வேறு. இரண்டு பேர் இருக்கும் சீற்றில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு காலி வீதி நெரிசலில் நகரும் ஸ்கூல் வான். அதில் ஒருத்தியின் தோளில் மற்றவள் தூங்கி விழுவாள். ஒரே போனுக்குள் நான்கு தலைகள். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனால் அம்மம்மா வீட்டில் ஒரே பாயில் ஐந்து மச்சாள்மார். சீப்பாலும் தொப்பியாலும் பரவுவது அபூர்வம். தலையை விட்டு இறங்கிய பேன் ஒன்றிரண்டு நாளில் இரத்தமில்லாமல் செத்துப்போகும்.

இன்னொன்று. முதல் தடவை பேன் வந்த தலை சொறியத் தொடங்கவே நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கலாம். நீங்கள் சொறிச்சலைக் கண்ட நாளில் அந்தப் பிள்ளை ஒரு மாதமாக மற்றவர்களோடு விளையாடியாயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புவதால் யாரும் தப்பப்போவதில்லை. நீங்கள் காணும் வெள்ளை எல்லாம் உயிருள்ள ஈரும் அல்ல. ஈர் தலைத்தோலை ஒட்டித்தான் இடப்படும், 7 முதல் 10 நாளில் பொரிக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு வளர்வதால், இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி ஒட்டியிருப்பது இரண்டு மாதப் பழைய வெறும் கோது. பேனுக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இலேயே எழுதிவிட்டது. தலைப் பேன் நோய் எதையும் காவுவதில்லை.

"சுத்தமாக்கியபின்" என்ற சொல்தான் எனக்கு அதிகம் சுட்டது. தினம் முழுகும் தலையிலும் பேன் பிடிக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பயந்து நான் செய்ததைச் சொல்லவேண்டும்: பக்கத்து ஃபிளாற் அம்மாவிடம் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. அவவின் மகளும் அதே வானில்தான் போகிறாள்.

அம்மம்மாவின் காலத்தில் இந்த ஒளிப்பு இல்லை. பின்னேரம் குந்தில் ஒருவர் பின்னால் ஒருவராக ஐந்தாறு பேர் இருந்து பேன் பார்ப்பார்கள், நகத்தில் 'டிக்' என்று சத்தம் கேட்கும், ஊர்க்கதையும் நடக்கும். அதில் ஒரு வைத்தியம் இருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. எல்லாத் தலையும் ஒரே நாளில் பார்க்கப்பட்டது. ஃபிளாற்றில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தலையை மட்டும் துடைத்தால், அடுத்த கிழமை வானில் அது திரும்பி ஏறிக்கொள்ளும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பென்சிலால் முடியை விலக்கி வகுப்பின் முன்னால் பார்ப்பதை விடுங்கள். ஒரு தலையில் கண்டால், பெயர் போடாமல் வகுப்பு முழுவதற்கும் ஒரு துண்டு அனுப்புங்கள்: இந்தச் சனி ஞாயிறு எல்லோரும் ஈரத்தலையில் பேன் சீப்பால் இழுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு கிழமை தொடருங்கள் என்று. பாமசியில் மருந்து வாங்குபவர்கள், தப்பிய ஈர் பொரித்த பிறகு, அதாவது ஒன்பதாம் நாளளவில், இன்னொரு முறை பூச வேண்டிவரும் என்றும் எழுதுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள், இன்னும் பூசுகிறார்கள். சிங்களத்திலும் ஒன்று அடியுங்கள். வானில் மொழிவாரியாக ஏற்றுவதில்லை.

நாலாம் நாள் நானே வான் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன், கை கொஞ்சம் நடுங்கியது. அரை மணித்தியாலத்துக்குள் மூன்று அம்மாமார் "எங்கட வீட்டிலயும்தான்" என்று போட்டார்கள். அந்த ஞாயிறு எல்லா வீட்டிலும் சீப்பு ஓடியது.

இப்போது மூன்று கிழமையாக மகளின் தலையில் ஒன்றும் இல்லை. அவள் இன்னும் கடைசி வாங்கில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெள்ளவத்தை