டிக்கெட் வரி

பேர்ண், 7.7.2024

அன்பு மச்சான்,

உன்ரை கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. கிணத்துத் தண்ணி உவராகிக்கொண்டு வருது, தேத்தண்ணியும் வாயில வைக்கேலாது எண்டு எழுதியிருந்தாய். பின்வளவுக் கிணறோ, கோயிலடிக் கிணறோ எண்டு சொல்லேல்லை.

நான் இப்பவும் அதே முதியோர் இல்லத்தில தான். வெய்யில் காலத்தில எங்களுக்கு வேலை கூட. எங்கட பழைய கட்டிடத்தில ஏசி கிடையாது. விடியவே யன்னல் எல்லாம் திறந்து குளிர் காத்தை உள்ள விட்டு, வெய்யில் ஏற முதல் பூட்டி, சட்டரை இறக்கி அறையை இருட்டாக்கவேணும். வயசு போனவைக்குத் தாகமே தெரியாது. கிளாசைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டு, கெஞ்சி, ஒரு மிடறு, பிறகும் ஒரு மிடறு.

மூண்டாம் மாடியில ஒரு அம்மா இருக்கிறா. 'காலநிலைக்கான முதிய பெண்கள்' எண்ட சங்கத்தில ஆள். 2016இல தொடங்கினது, 64 வயசு தாண்டின பெண்கள் 2,000 பேருக்கு மேல. வெப்ப அலையில முதலில சாகிறது நாங்கள்தான், அரசாங்கம் பூமியைச் சூடாக்கிற காபன் புகையைக் காணுமளவுக்குக் குறைக்காமல் இருக்குது எண்டு வழக்குப் போட்டினம். சுவிஸ் நீதிமன்றங்கள் கேக்கேல்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், இந்த ஏப்ரல் 9ஆம் திகதி வெண்டிட்டினம். 17 நீதிபதிகளில 16 பேர், அரசாங்கம் உரிமையை மீறினது எண்டு சொல்லிட்டினம். அண்டைக்கு அம்மா ரீவியை நிப்பாட்டவே விடேல்லை.

போன மாதம் பாராளுமன்றத்தின்ர ரெண்டு அவையும் என்ன சொன்னது தெரியுமே? நாங்கள் செய்யிறது காணும், தீர்ப்புக்காகப் புதுசா ஒண்டும் செய்யத் தேவையில்லையாம். இந்த நாட்டில எதையும் மக்கள்தான் வாக்குப் போட்டு முடிவெடுக்கினம், வெளிநாட்டு நீதிபதிமார் ஆர் சொல்ல எண்டும் ஒரு கதை. 2009இல நீ வன்னிக்குள்ள இருக்கேக்க நாங்கள் ஜெனீவாவில ஐநா முன்றலில பனிக்குளிரில நிண்டம். பெரிய இடத்தில ஒருத்தர் 'பிழை' எண்டு சொன்னால் போதும், எல்லாம் நிண்டிடும் எண்டு நம்பினம். சொன்ன பிறகும் கேளாமல் இருக்கலாம் எண்டு இப்பதான் பாக்கிறன்.

ஆனால் மச்சான், மக்கள் எண்டால் நானும்தான். 2021 ஜூனில காபனைக் குறைக்கிற சட்டத்துக்கு வாக்கெடுப்பு வந்தது. பெற்றோலுக்கு லீற்றருக்கு 12 ராப்பன் (சுவிஸ் சதம்) வரை ஏறலாம், விமான டிக்கெட்டுக்கு 30இலிருந்து 120 பிராங் வரை வரி. நான் மேசையில கணக்குப் பாத்தன். நாலு பேர் கொழும்புக்கு வந்துபோக எவ்வளவு கூடும் எண்டு. 'இல்லை' எண்டு எழுதி, உறையை ஒட்டி, தபால் பெட்டியில போட்டன். சட்டம் தோத்துது, 51.6 சதவீதம் 'இல்லை'. 2023இல வேறை சட்டம் வந்து 59 சதவீதத்தால வெண்டது. அதில வரி ஒண்டும் இல்லை, அரசாங்கம் காசு குடுக்கிற சட்டம். அதுக்கு நானும் 'ஓம்'. காசு கேக்காட்டி எல்லாரும் நல்லவர்தானே.

போன கிழமை தண்ணி குடுக்கேக்க அம்மா கேட்டா, 2021இல என்ன போட்டனீங்கள் எண்டு. மறந்துபோச்சு எண்டு சொல்லிட்டன். அவ கிளாசைத் திருப்பித் தந்திட்டு, சட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னா.

டிசம்பரில பேரன்ர காதுகுத்துக்கு வாறம். நாலு டிக்கெட்டும் எடுத்தாச்சு. அந்த மூண்டாம் மாடி அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. எனக்குப் போத்தல் தண்ணி வாங்கி வைக்காதை, உந்தக் கிணத்துத் தண்ணியிலயே ஒரு தேத்தண்ணி போட்டுத் தா.

அன்புடன்,
உன்ரை மச்சான்