பாலினச் சமத்துவ இன்டர்ன்ஷிப்: நிதி கேட்பவர்கள் கவனிக்கவும்

நண்பர்களே, முதுகலை, முனைவர் பட்டம் படிப்பவர்களில் பாலினச் சமத்துவம் சார்ந்த அமைப்புகளில் இன்டர்ன்ஷிப் போக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே உதவித்தொகை உண்டா என்பதைத்தான். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கிடையாது, பயணம், விசா, தங்குமிடம் எல்லாம் நம் செலவு. சர்வதேச தொழிலாளர் அமைப்போ உதவித்தொகை தருகிறது. சமத்துவம் பேசும் வேலைக்கே வசதி உள்ளவர்கள்தான் போக முடிகிறது என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதனால் உங்கள் துறை, மகளிரியல் மையம், ஆராய்ச்சி நிதி அலுவலகம் மூன்றிடமும் இன்டர்ன்ஷிப் செலவுக்கு நிதி கிடைக்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவருக்குத் தெரிந்த நிதி இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது சகஜம். இப்படிப்பட்ட நிதிக்கு ஆண் மாணவர்களும் விண்ணப்பிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆணா பெண்ணா என்பதைவிட நீங்கள் செய்யப்போகும் வேலையின் தலைப்புதான் முக்கியம், ஆனாலும் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் "பெண்கள் முன்னேற்றத்துக்கு உழைப்பேன்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. ஆண்-பெண் ஊதிய இடைவெளித் தரவைத் தொகுப்பதோ, சம்பளமில்லாத வீட்டுவேலை நேரத்தைக் கணக்கிடுவதோ, எதைச் செய்து முடித்துக் கையில் கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். பட்ஜெட்டில் காப்பீடு, குழந்தைப் பராமரிப்பு இரண்டையும் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், பணம் முன்கூட்டியே வருமா, செலவழித்த பிறகு ரசீது கொடுத்து வாங்க வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரைவு தயாராக இருந்தால் இங்கேயே போடுங்கள், படித்துத் திருத்தம் சொல்கிறோம்.