எங்கள் மகளுக்கு சாஃப்ட்பால் கற்றுத்தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். டாலஸ் புறநகரில் எங்கள் ஊர்ச் சிறுமியருக்கான, பேஸ்பாலை ஒத்த சாஃப்ட்பால் போட்டிகள் அண்மையில் நிறைவுற்றன. பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் எங்கள் மகள் பந்து வீசும் பிட்ச்சராக நின்று ஆடும் அளவுக்குத் தேறியிருக்கிறாள் என்றால், அதற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களுள் ஒருவர்கூட இதற்காக ஊதியம் பெற்றவர் அல்லர். அவரவருக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டோம். ஆயினும், பெண் பிள்ளைகளை இந்த ஆட்டத்தில் சேர்க்கலாமா என்று எங்களிடம் விசாரிக்கும் தமிழ்க் குடும்பங்களும் அறியட்டும் என்றே இம்மடலைப் பொதுவில் வைக்கிறோம்.

முதல் நன்றி அணியின் பயிற்றுநருக்கு உரியது. தாத்தாவுடன் கிரிக்கெட் ஆடிப் பழகிய எங்கள் மகள், பந்தை அடித்ததும் மட்டையோடு ஓடுவாள். சாஃப்ட்பாலில் மட்டையைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அதையும் வீசி எறிந்தால் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் மீது படும். பயிற்றுநர் அவளைக் கடிந்துகொள்ளாமல், தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டு, மட்டை அதற்குள் விழும்வரை பந்தே இல்லாமல் அடித்துவிட்டு ஓடச் செய்தார். அடித்தவர் ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் முதல் பேஸை மட்டும் நிற்காமல் கடந்து ஓடலாம் என்பதையும் தாமே ஓடிக் காட்டினார்.

பந்துவீச்சைக் கற்றுத்தந்தவர் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடும் ஒரு மாணவி. அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை 35 அடி தொலைவிலிருந்து வீச வேண்டும் என்பதால், குழந்தைகள் வேகத்துக்கு ஆசைப்பட்டு முதல் நாளே கையை முழு வட்டமாகச் சுழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அவரோ அதற்கு இசையவில்லை. வலைக்கு மிக அருகில் நிற்கவைத்து, கை இடுப்பை ஒட்டி வரும்போது மணிக்கட்டைச் சுண்டிப் பந்தை விடுவதை மட்டுமே வாரக்கணக்கில் பழக்கினார். பந்தின் நடுவே கறுப்பு நாடாவைச் சுற்றி ஒட்டியிருந்தார். பந்து சரியாகச் சுழன்றால் அந்தப் பட்டை ஒரே கோடாகத் தெரியும், பிசகினால் தள்ளாடும். இதனால் எங்கள் மகள் தன் பிழையைத் தானே கண்டுகொண்டாள். ஓரத்தில் நிற்கும் பெற்றோர் கூச்சலிட வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. (அது எல்லாருக்குமே நல்லது.)

எங்களுக்கு அலுவலகப் பணி நீண்ட மாலைகளில், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அவள் வீசிய பந்துகளைச் சலிக்காமல் பிடித்துக்கொடுத்தவர் சக வீராங்கனை ஒருத்தியின் தந்தை. வீசுமுன் இரு கைகளையும் சேர்த்துச் சற்றே நிற்க வேண்டும் என்ற விதியை, தவறு என்று அறிவித்ததோடு நில்லாமல், இடைவேளையில் அருகே அழைத்து விளக்கிய அம்பயருக்கும், ஆட்ட நாள்களில் விடுபட்ட பாடத்தை வேறொரு நாளில் நடத்தித்தந்த தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கும் எங்கள் நன்றி.

இறுதியாக, தங்கள் மகள் பயன்படுத்திய, பந்து பிடிக்கும் தோல் கையுறையான கிளவையும் முகக்கவசத்தையும் தந்துதவிய தமிழ்க் குடும்பத்துக்கு நன்றி கூறுகிறோம். புதிய கிளவ் விறைப்பாக இருக்கும், சிறு கையால் அதை மடக்குவது கடினம். பழகிய தோல் கிடைத்தது எங்கள் மகளின் நற்பேறு. அடுத்த பருவத்தில் அவள் 12 அங்குலப் பந்தும் 40 அடி தொலைவும் உள்ள பிரிவுக்குச் செல்வதால், அந்தக் குடும்பத்தின் விருப்பப்படி அவற்றை இன்னொரு சிறுமிக்குத் தர எண்ணியுள்ளோம். தேவைப்படுவோர் தயங்காமல் எங்களைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
பெற்றோர்