எடை கூடியவருக்கு ஒல்லி டயரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் எடை 108 கிலோ. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொல்லி, பழைய ரோடு பைக் (ஒல்லி டயர் போட்ட வேகச் சைக்கிள்) ஒன்றை வாங்கினேன். விடியற்காலையில் துன் சார்டோன் சாலை ஏறி, பாலிக் புலாவ் வரை போய் வருகிறேன். முதல் மூன்று மாதத்தில் ஏழு டியூப் மாற்றினேன். டயர் வாங்கிய கடையில், "உங்கள் உடம்புக்கு அப்படித்தான் அண்ணே" என்றார்கள். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. குறை என் உடம்பில் இல்லை. அவர்கள் எடுத்துக் கொடுத்த, 23 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒல்லி டயரில் இருந்தது.

கழற்றிய டியூபில் பாம்பு கடித்த தடம்போல் அருகருகே இரண்டு துளைகள். ஆணி குத்தியிருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். குழியில் இறங்கும்போது டயர் நசுங்கி, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் மாட்டிக் கிழிகிறது. பின் சக்கரத்தில்தான் இது அதிகம். பாரம் அங்கேதான் கூடுதல்.

இப்போது 28 மில்லிமீட்டர் போட்டிருக்கிறேன், உள்ளே முள் தாங்கும் பட்டை வைத்தது. காற்று அதிகம் கொள்வதால் குழியின் அடியைத் தாங்குகிறது. என் சைக்கிளில் அதற்குமேல் நுழையாது, பிரேக் தடுக்கும். இடமிருப்பவர்கள் 32 போடலாம். வேகம் குறையவில்லை. புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் காற்றழுத்தம் பார்க்கிறேன். ஐந்து மாதத்தில் ஒரே பஞ்சர்: லாரி டயரிலிருந்து உதிர்ந்த, மயிரிழை போன்ற இரும்புக் கம்பி. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

கடைக்காரர்களே, டயரை எடுக்குமுன் ஓட்டுபவரின் எடையை மரியாதையாகக் கேளுங்கள். நாங்கள் மறைக்காமல் சொல்வோம்.

வாசகர்,
பாயா தெருபோங், பினாங்கு